கேட்டில் கேட்ட கேள்வி

பட்டாளத்தை விட்டு வந்து, இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டையோடு அடுக்குமாடி வாசல்களில் நிற்க ஆரம்பித்திருக்கும் தம்பிகளே, என் ஓய்வு நாளில் நீங்கள் போர்த்திய சால்வைக்கு நன்றி. அது நல்ல கெட்டி சால்வை, பெருங்களத்தூர் வெயிலுக்கு எதற்கு என்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு என்னைப் பேசச் சொன்னீர்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் "எல்லாரும் நல்லா இருங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் எல்லாம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

வருகிறவர் போகிறவரை எப்படிப் பதிவது, எந்த வீட்டுக்காரருக்கு எப்படி சல்யூட் வைப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. பதிவு இப்போது போனில் வந்துவிட்டது, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். சல்யூட் விஷயத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், சாப்பாடு கொண்டுவந்த டெலிவரி ஆளின் காலரைப் பிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஏன் என்று கேட்டதற்கு, "நில்லுன்னேன் சார், அவன் நிக்கல" என்றாராம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வாழ்க்கையிலும் ஒருவன் நிற்கவில்லை.

நான் பெருங்களத்தூர் அடுக்குமாடியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்திருந்தேன். யூனிட்டை விட்டுக் கிளம்பும் நாளில் எங்கள் சுபேதார் சாப் என் தோளில் கை வைத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வெளியே யாருக்கும் பாஸ்வேர்டு தெரியாது. அதுக்காகக் கோபப்படாதே." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பட்டாளத்தில் ஸ்டாண்ட்-டூ என்று ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டுக்காரம்மா இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்குச் சற்று முன்பும் பொழுது சாயும்போதும், போஸ்டில் இருக்கிற அத்தனை பேரும் ஆயுதத்தோடு அவரவர் இடத்தில் போய் நிற்க வேண்டும். இருட்டும் வெளிச்சமும் கைமாறுகிற நேரத்தில்தான் எதிரி வருவான் என்று கணக்கு. வெளிச்சம் நன்றாக வந்தபிறகு ஸ்டாண்ட்-டவுன் என்பார்கள். துப்பாக்கியை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஊருக்கு வந்தபிறகும் எனக்கு அந்த நேரத்தில் தானாக விழிப்பு வரும். தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, ரயில்வே லைன் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர். யாரையும் சும்மா நிற்க விடமாட்டாள். "நிக்கறதுதான் நிக்கறீங்க, அந்தத் துணியையாவது எடுங்க" என்பாள். சம்பளத்தோடு நிற்கலாமே என்றுதான் செக்யூரிட்டி வேலைக்குப் போனேன்.

சேர்ந்த மாதம் ஐப்பசி மழை. ஒருநாள் விடியும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. பக்கவாட்டுக் கேட்டுக்கு வெளியே தலை முதல் இடுப்பு வரை பாலித்தீன் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் நீளமாக எதையோ பிடித்தபடி ஓர் உருவம் வந்தது. நான் யோசிக்கவே இல்லை. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தம்! கோன் ஆத்தா ஹை?"

நில், வருவது யார் என்று பட்டாளத்தில் காவல் நிற்கிற சென்ட்ரி கேட்கிற கேள்வி. இந்தியில் 'ஆத்தா' என்றால் வருகிறது, அவ்வளவுதான். அந்த உருவம் நின்றது. சாக்கை விலக்கியது. நீளமாக இருந்தது விளக்குமாறு.

"ஆத்தா ஆடி மாசந்தான் சார் வருவா. இப்ப நான் மட்டுந்தான் வந்துகீறேன். தொற, நனையுறேன்."

அதுதான் கன்னியம்மா. எங்கள் ஹவுஸ்கீப்பிங் ஆட்களில் முதலில் வருகிறவள். அனகாபுத்தூரில் ஆற்றோரம் வீடு. அங்கிருந்து பல்லாவரம் வந்து, ரயில் பிடித்து, பெருங்களத்தூரில் இறங்கி நடந்து வருவாள். இந்தியும் தெரியாது, சென்ட்ரியும் தெரியாது. ஆத்தா என்ற ஒரு சொல் மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது, அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டாள். நான் பூட்டைத் திறந்துவிட்டேன்.

பால்கனியில் நின்ற யாரோ சொல்லிவிட்டார்கள். சங்கத்துச் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றையும் ஒரு சர்க்குலர் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். காலங்கார்த்தாலே இந்தியில் கத்துகிறீர்களாமே, இங்கே அதெல்லாம் வேண்டாம் என்றார். இந்தியில் கத்தினதுதான் தப்பா, தமிழில் கத்தினால் பரவாயில்லையா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை, வேலைக்குப் புதிது.

மறுநாள் நான் வாயை இறுக மூடிக்கொண்டுதான் நின்றேன். கன்னியம்மா கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு, நான் ஏதாவது கேட்பேன் என்று பார்த்தாள். கேட்கவில்லை என்றதும் அவளே, "ஆத்தா வந்துகீறேன், தொற" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நாள் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டேன். அவளும் பதில் சொன்னாள். அப்படியே அது எங்களுக்குள் ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் கேள்வி, பதில், பிறகு கேட் திறப்பது. செக்ரட்டரி சர்க்குலர் போட முடியாத அளவுக்குச் சின்னக் குரலில்.

இப்போது அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சண்டை நடந்த காலத்தில் நான் மலை உச்சியில் ஒரு போஸ்டில் இருந்தேன். எந்த மலை, எந்த எல்லை என்பது இதற்குத் தேவையில்லை. ஒருநாள் விடியற்காலை ஸ்டாண்ட்-டூ. கையை நீட்டினால் கை தெரியாத பனி, கூடவே காற்று. கல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் அசைந்தது தெரிந்தது. கேட்டேன். முறைப்படி கேட்டேன். நம் ஆளாக இருந்தால் 'தோஸ்த்', அதாவது நண்பன் என்பான், பாஸ்வேர்டு சொல்வான். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். அவன் நிற்காமல் எங்கள் பக்கமாகவே வந்தான். சுட்டேன்.

வெளிச்சம் வந்தபின் போய்ப் பார்த்தோம். அந்தப் பக்கத்துச் சிப்பாய். துப்பாக்கி தோளில் தொங்கியது, கையில் பிடித்திருக்கவில்லை. கம்பளிக் குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டு, அதற்கு மேல் மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தான். குளிருக்குப் பயந்த பிள்ளையை அம்மா கட்டி அனுப்புவாளே, அப்படி. பனியில் வழி தவறி வந்தானோ, வேவு பார்க்க வந்தானோ, எனக்குத் தெரியாது. சுபேதார் சாப் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஷாபாஷ்" என்றார். பிறகு ஸ்டாண்ட்-டவுன் சொன்னார். டீ வந்தது. டம்ளரை வாங்கிக் கல் மேல் வைத்தேன், குடிக்கவில்லை.

நான் செய்தது சரி. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அன்றைக்கு நான் சுடாமல் இருந்து, அவனுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் இருந்திருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். தொந்தரவே அதுதான். தப்புச் செய்திருந்தால் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். சரியானதற்கு யாரிடம் போய் என்ன கேட்பது? என் மனதை அரித்தது ஒன்றுதான்: நான் கேட்டது அவன் காதில் விழுந்ததா இல்லையா?

சர்ச்சில் ஆராதனை முடியும்போது "சமாதானத்தோடே போங்கள்" என்பார் போதகர் ஐயர். நானும் ஒவ்வொரு ஞாயிறும் போய்க்கொண்டுதான் இருந்தேன். பட்டாளத்தில் கூட வேலை பார்த்தவர்கள் தாம்பரத்தில் மாதம் ஒருமுறை கூடுவோம், அவர்களில் ஒருவனிடம் லேசாக ஆரம்பித்தேன். டியூட்டிடா அது, விடு என்றான். நம் தமிழில் இது ஒரு வேடிக்கை. சமாதானம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சமாதானம்தான் கிடைப்பதில்லை. ஸ்டெல்லாவிடம் நான் சொல்லவே இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், இதைக் கேட்டபின் என் கையால் டீ வாங்கிக் குடிப்பாளோ மாட்டாளோ என்று பயம்.

அப்படியே சில வருடம் ஓடிற்று. ஒரு மார்கழியில் அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளில் திருட்டு ஆரம்பித்தது. பைக் பேட்டரி, மோட்டார் அறையில் ஒயர், இப்படி. எங்கள் செக்ரட்டரி பூண் போட்ட ஒரு மூங்கில் தடியை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். "யாராவது தெரிஞ்சா முதல்ல ஒண்ணு போடுங்க. கேள்வியெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம். ஏதாவது ஆச்சுன்னா நான் பார்த்துக்கறேன்." வங்கியில் இருந்தவர் இப்படிப் பேசினால் அவருக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் பாருங்கள். எனக்கும் பயம்தான், ஆனால் திருடனிடம் அல்ல. பதில் சொல்லாத ஒருவன் மறுபடியும் என் முன்னால் வந்து நின்றால் என் கை என்ன செய்யும் என்று பயந்தேன். அந்த வாரமே வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். மூட்டு வலி என்றேன். அவள் என் முட்டியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த நாள் விடியும் நேரம். திருநீர்மலைப் பக்கமிருந்து மார்கழிப் பாட்டு லேசாகக் கேட்டது. ஏரிப் பக்கத்திலிருந்து பனி இறங்கி, விளக்குக் கம்பங்கள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. நம் ஊர்ப் பனி பட்டாளத்துப் பனிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பனி பனிதான். கட்டடத்துக்குப் பின்புறம், மோட்டார் அறையை ஒட்டிய செடிகளுக்கு நடுவே யாரோ குனிவதும் நிமிர்வதுமாகத் தெரிந்தது. கையில் ஒரு பை. குரல் கொடுத்தேன், தமிழில்தான். "யாரு அங்க?" பதில் இல்லை. கிட்டே போய் மறுபடி கேட்டேன். அந்த ஆள் குனிந்த தலை நிமிராமல், செடிகளின் மறைவிலேயே என் பக்கமாக நகர்ந்து வந்தான்.

அப்போது என் வாயிலிருந்து தமிழ் போய்விட்டது. அந்த வீடுகள் எல்லாம் எழுந்திருக்கிற மாதிரிக் கத்தினேன்.

"தம்! கோன் ஆத்தா ஹை?"

தடி தலைக்கு மேலே போயிருந்தது. நான் தூக்கியதாக நினைவில்லை. அந்த ஆள் வந்துகொண்டே இருந்தான். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஒருமுறை நடந்ததுதானே. அந்த நேரத்தில் எனக்குப் பின்னால், பக்கவாட்டுக் கேட்டுக்கு வெளியிலிருந்து, தினமும் கேட்கிற குரல் வந்தது.

"ஆத்தா வந்துகீறேன் சார். இன்னாத்துக்கு இம்மாங் கத்து கத்துற? தொற."

என் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. கேட்ட இடத்திலிருந்து வரவில்லை, ஆனால் வந்துவிட்டது. பதில் வந்தபிறகு அடிக்கக் கூடாது. அதுதான் நாம் கற்ற முறை, என் கை அந்த முறைக்குக் கட்டுப்பட்டது. தடி மேலேயே நின்றது. அந்த இடைவெளியில்தான் நான் எதிரே இருந்தவனைக் கண்ணால் பார்த்தேன். குரங்குக் குல்லாய். அதற்கு மேல் மப்ளர், இரண்டு சுற்று.

தம்பிகளே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அங்கே நின்ற இடத்திலிருந்து நாம் முன்னால் போக முடியாது. கேட்கலாம், காத்திருக்கலாம், சுடலாம். இங்கே இரண்டடி முன்னால் போகலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாம் போவதில்லை, அங்கே பழகிய கால் இங்கேயும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அன்றைக்கு நான் தடியைத் தரையில் போட்டுவிட்டுப் போனேன். போய் அந்த ஆளின் தோளைத் தொட்டேன்.

அவர் அலறிவிட்டார். பி பிளாக்கில் மகன் வீட்டில் இருக்கும் பெரியவர், காது சுத்தமாகக் கேட்காது. காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்கு மேல் குல்லாயும் மப்ளருமாக வந்திருக்கிறார். பை நிறைய நந்தியாவட்டைப் பூ. தோட்டத்தில் பூப் பறிக்கக் கூடாது என்று அப்போதுதான் செக்ரட்டரி சர்க்குலர் போட்டிருந்தார். அதனால்தான் மறைந்து மறைந்து பறித்திருக்கிறார், பாவம். குல்லாயைத் தூக்கி ஒரு காதை வெளியே எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிக்குத்தான்பா. செக்ரட்டரிகிட்ட மட்டும் சொல்லிடாதே."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் போனபின் கேட்டைத் திறந்துவிட்டு, காவலறைக்கு வெளியே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. சட்டைக் கையால் துடைக்கத் துடைக்க வந்தது. கன்னியம்மா விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நானாகவே சொன்னேன். மலை, பனி, கல், மப்ளர், ஷாபாஷ், எல்லாம். ஸ்டெல்லாவிடம் சொல்லாதது, ஐயரிடம் சொல்லாதது.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அவனுக்குக் காது கேக்கல. உனுக்குக் கண்ணு தெரியல. பனிக்கு நடுவால ரெண்டு பேரையும் கொணாந்து நிக்க வச்சா, நீங்க இன்னா சார் பண்ணுவீங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து பெருக்கப் போய்விட்டாள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. டியூட்டி என்று சொன்னவன் என்னை மட்டும் பார்த்தான். ஷாபாஷ் சொன்னவரும் என்னை மட்டும்தான் பார்த்தார். அவள்தான் 'நீங்க' என்று எங்கள் இருவரையும் சேர்த்துச் சொன்னாள். அந்த ஆள் யாரோ, பெயர் என்னவோ, அவனை என் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிய ஒரே ஆள் அவள். அன்று மாலை வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு உள்ளே போனாள், நான் பயந்தபடியே உட்கார்ந்திருந்தேன். டீ போட்டுக்கொண்டு வந்தாள். மூட்டு வலி இல்லை என்பது அப்போதே தெரியும் என்றாள். வேலையை விடவில்லை.

தடியைச் செக்ரட்டரியிடம் திருப்பிக் கொடுத்தேன். திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். கிட்டே போய்ப் பார்ப்பேன் சார் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வேறு ஆள் கிடைக்கவில்லை. திருடன் எங்கள் பக்கம் வரவே இல்லை, அதில் என் திறமை ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு இப்போதும் நான் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவன்தான். விழிப்பு இன்னும் அதே நேரத்துக்கு வருகிறது. ஆனால் அந்த மப்ளர் முகம் வரும்போது முன்போலத் தனியாக வருவதில்லை. நானும் அதில் நிற்கிறேன், கண் தெரியாமல். எங்கள் இரண்டு பேருக்காகவும் சர்ச்சில் மண்டியிடுகிறேன். அவன் சாமி வேறு என்றால் அந்தச் சாமியும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

இனி கடைசி நாள். நீங்கள் சால்வையோடு வந்தது சாயங்காலம். அன்றைக்கு விடியற்காலையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. வழக்கம்போல நின்றிருந்தேன். வழக்கம்போல, "ஆத்தா வந்துகீறேன், தொற" என்று குரல் வந்தது. கன்னியம்மாவுக்கும் இப்போது முடி நரைத்துவிட்டது, நடை தளர்ந்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே. பூட்டைத் திறந்துகொண்டே, நாளையிலிருந்து புது ஆள் நிற்பான் கன்னியம்மா, அவனுக்கு இந்தக் கேள்வியெல்லாம் தெரியாது, பதில் சொல்லி அவனைப் பயமுறுத்தாதீங்க என்றேன். அவள் உள்ளே கால் வைத்தவள் நின்றாள்.

"எந்தக் கேள்வி சார்?"

தினமும் நான் கேட்பேனே, அதுதான் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நீ அத்த கேக்கறத வுட்டு எத்தினியோ வருசமாச்சு சார். நாந்தான் பயக்கத்துல சொல்லிகினு கீறேன்."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். நான் கேட்டைப் பிடித்தபடி நின்றேன். கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்து டீ குடித்தேன்.